திருப்ப முடியாத நெருப்பு

றெமிஜியஸ் ஒரு ஹீற்றரை வைத்து ஆட்சி நடத்தியவர். நாடு பெரிதல்ல, மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டோடு ஒட்டியிருக்கும், ஒரு கார் கொள்ளக்கூடிய கராஜ். பிரசைகள் மூன்று பேர்: அன்புராசா, பேனாட், விநாயகமூர்த்தி. சனிக்கிழமை பொழுதுபட்டதும் மூவரும் ஆளுக்கொரு போத்தலை ஜக்கெற்றுக்குள் ஒளித்துக்கொண்டு வருவார்கள். யாரிடமிருந்து ஒளிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. அந்தத் தெருவில் பாதி ஆண்கள் தங்கள் தங்கள் கராஜ்களில் அதே அலுவலில்தான் இருப்பார்கள்.

உள்ளே நான்கு மடக்குக் கதிரைகள், ஒரு பழைய பிரிட்ஜ், சுவரில் மாதா படம் போட்ட கலண்டர். சனிக்கிழமைகளில் அவர் மனைவி எமில்டா வேலைக்குப் போகமுன் கலண்டரைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவார். ஞாயிறு பூசை முடிந்து வந்துதான் திரும்ப மாட்டுவார். "மாதா ஏன் உதுகளைப் பாக்கவேணும்?" என்பது எமில்டாவின் கட்சி.

ஹீற்றர் சின்னது. அதன் வெக்கை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் காணும். அது எந்தப் பக்கம் பார்க்கும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு. றெமிஜியஸ் சொல்வதை ஆமோதித்தவர் பக்கம் அது மெல்லத் திரும்பும். மறுத்தவர் அன்றிரவு விரல்களை ஊதி ஊதிக் குடிக்கவேண்டியதுதான். சனவரி மாதத்து ரொறன்ரோவில் இதைவிட நாகரிகமான அடக்குமுறையைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அவருக்கு மட்டும் குளிர் ஒரு பொருட்டல்ல. பேசாலையில் கடலோரம் பிறந்த மனிதர், கனடாவில் உறைந்த மீன் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். ஐஸ் படிந்த பெட்டிகளோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு சித்தாந்தமே உருவாகியிருந்தது: பச்சை மீனைவிட உறைந்த மீன்தான் ருசி. மீனவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இதைச் சொன்னால் யார் எதிர்ப்பது? விநாயகமூர்த்தி எதிர்த்தார். "ஐசில வச்சாப்போல செத்த மீன் எழும்பி ஓடுமோ அண்ணை?" என்று கேட்டார். அது நடந்து இரண்டு பனி மாரி ஆகிறது. அதற்குப் பிறகு ஹீற்றர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. ஆனாலும் மனுசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அதே வாதத்தை நடுங்கிக்கொண்டே தொடர்ந்தார்.

எமில்டாவின் கார் இந்தக் காலம் முழுவதும் வெளியே பனிக்குள் நின்றது. முதியோர் இல்லத்து வேலைக்குப் போகமுன் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுவது அவருடைய உடற்பயிற்சி. வருடா வருடம் முதல் பனி விழுந்த அன்று ஒரு கேள்வி கேட்பார்.

"இஞ்சேருங்கோ, கராஜ் எண்டது காருக்கு இல்லையோ?"

"காருக்குக் குளிராது, எமில்டா."

அத்தோடு அந்த வருடத்துப் பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

இப்படி நிம்மதியாக நடந்துகொண்டிருந்த நாட்டில் கலகத்தைக் கொண்டுவந்தவர் அன்புராசா. அவருடைய மகள் றெபேக்கா அப்பாவின் பிறந்தநாளுக்கென்று அவரை டவுண்ரவுணில் ஒரு பாருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஆந்தைப் படம் போட்ட பழைய பார். போய்வந்த மனிதர் அடுத்த சனிக்கிழமை கராஜில் இருந்து சொர்க்கத்தைப் பார்த்து வந்தவர்போலப் பேசினார்.

"மச்சான், சுவருக்குள்ள நெருப்பு எரியுது. உண்மையான விறகு. முன்னால தோல் சோபா. காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம்."

"காலை நீட்ட டவுண்ரவுண் போகவேணுமே?" என்றார் றெமிஜியஸ். "இஞ்சை நீட்டன்."

அன்புராசா நீட்டினார். சீமெந்துத் தரையின் குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறியது. மடக்கிக்கொண்டார்.

இருட்டு மூலையிலிருந்து விநாயகமூர்த்தியின் குரல் வந்தது. "அந்தச் சூடு எல்லாருக்கும் வருமோ?"

"எல்லாருக்கும்."

"ஆராவது அதைத் திருப்ப ஏலுமோ?"

"சுவரை எப்பிடியடா திருப்புறது?"

விநாயகமூர்த்தியின் முகத்தில், குடியுரிமைப் பத்திரம் கையில் கிடைத்த அன்றைக்குக்கூட அப்படியொரு ஒளி வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை றெமிஜியஸ் ஆட்டு இரத்த வறை வறுத்து, தகரத்தில் அடைத்த ரின்மீனுக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, ஹீற்றரையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. பேனாட்டுக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், எனக்குத் தடிமன். படுத்திருக்கிறன்," என்றார் பேனாட்.

பின்னால் ஒரு பெண் குரல், இன்னொரு பியர் கொண்டுவரவா என்று ஆங்கிலத்தில் அன்போடு விசாரித்தது. பேனாட்டின் மனைவி கிளடிஸ் இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது.

வேலை முடிந்து வந்த எமில்டா, நான்கு கதிரைக்கு நடுவில் தனியாக இருந்த கணவரையும் ஆறிப்போன வறையையும் பார்த்தார்.

"அப்ப இனிக் காரை உள்ள விடலாமோ?"

"இது தற்காலிகப் பிரச்சினை."

அடுத்த கிழமை அவர் ஆட்களைப் பிடரியில் பிடித்து இழுத்துவருவதென்று புறப்பட்டார். களஞ்சியத்தில் போடும், வெளிச்சம் பட்டால் மினுங்கும் கோடு போட்ட ஜக்கெற், கம்பளித் தொப்பி. பஸ், சப்வே, பிறகு ஸ்ரீற்கார். இறங்கி நடந்தபோதுதான் விளங்கியது: இது தெரிந்த இடம். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஆறு பேரோடு இருந்த காலத்தில், இந்தப் பாரின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால்தான் அவர் தினமும் வேலைக்கு நடப்பார். உள்ளே நெருப்பெரிவதைப் பார்த்து, "வெள்ளைக்காரன் காசு குடுத்துப் புகைக்குள்ள இருக்கிறான்" என்று சிரித்துக்கொண்டு போவார். ஒருநாளும் உள்ளே போகவில்லை. போகலாம் என்றுகூட அப்போது தோன்றியதில்லை.

உள்ளே போனார். மூன்று துரோகிகளும் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். அதைவிடக் கொடுமை, மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கராஜில் ஒரு வசனத்தை நான்கு வீட்டுக்குக் கேட்கச் சொல்லும் பேனாட், பரிசாரகப் பெண்ணிடம் "சொறி" என்றும் "தாங்க் யூ" என்றும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய தட்டு. அதில் ஐந்தே ஐந்து ஒலிவ் காய்.

"உதுதான் குடிக்கேக்க கொறிக்கிற பைற்ஸோ?" என்றார் றெமிஜியஸ்.

"இருங்கோ அண்ணை," என்றார் விநாயகமூர்த்தி, நெருப்பில் பழுத்த முகத்தோடு. "ஆனா இஞ்சை இடமில்லை. கதவடியில ஒரு கதிரை கிடக்கு."

கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று முதுகில் அடிக்கிற கதிரை அது. இரண்டு மாரியின் கணக்கை விநாயகமூர்த்தி ஒரே வசனத்தில் தீர்த்துவிட்டார்.

விஸ்கி வந்தது. பெரிய கிளாஸின் அடியில் மருந்துபோலக் கொஞ்சம். றெமிஜியஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் வாய் குடிக்கமுன் விரலைத் தோய்த்து இரண்டு துளியைக் கீழே தெளிப்பார். தகப்பன் செய்தார், அவரும் செய்கிறார். கராஜில் சீமெந்து, பிரச்சினையில்லை. இங்கே கீழே பூப்போட்ட கம்பளம். ஊத்தைப்படுத்த மனம் வரவில்லை. எழும்பிப்போய் நெருப்பை நோக்கித் தெளித்தார். ஆத்திரத்தில் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது.

பக்கென்று ஒரு நீலச் சுவாலை எழும்பியது.

பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ கைதட்டினார்கள். மதுபான மேசைக்குப் பின்னாலிருந்த மேகன் என்ற பெண் ஓடிவந்து, இது என்ன சடங்கு, இதற்கு என்ன அர்த்தம் என்று கண் விரியக் கேட்டாள். றெமிஜியஸுக்கு அதன் அர்த்தம் தெரியாது. தகப்பனுக்கும் தெரிந்திருக்குமோ என்பது சந்தேகம். ஆனால் கேள்வி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது அவர் வழக்கமில்லை. முதல் துளி வெளியே குளிருக்குள் நிற்பவர்களுக்கு என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லி முடிய, கண்ணாடிக்கு வெளியே ஒருமுறை பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே பிடிபடவில்லை.

மேகன் நெஞ்சில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நெருப்புக்கு முன்னால் வரிசை நின்றது. தாடி வைத்த பையன்களும் தொப்பி போட்ட பெட்டைகளும் குளிருக்குள் நிற்பவர்களுக்காக விலை கூடிய விஸ்கியைத் தெளித்தார்கள். குளிருக்குள் நின்ற ஒருவர்கூட உள்ளே அழைக்கப்படவில்லை என்பது வேறு விசயம்.

அடுத்த சனிக்கிழமை அவருக்கென்று நெருப்படியில் ஒரு சாய்மனைக் கதிரை போட்டிருந்தார்கள். முதல் கிளாஸ் இலவசம். அவர் தெளித்துத் தொடக்கிவைத்த பிறகுதான் கூட்டம் குடித்தது. அந்தக் கூட்டத்துக்கு இடம் விட்டு, மூன்று நண்பர்களும் மெல்ல மெல்லத் தள்ளப்பட்டுக் கதவடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். றெமிஜியஸ் அதைத் திருப்தியோடு கவனித்தார். சுவரைத் திருப்ப ஏலாது, ஆட்களைத் திருப்பலாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை கதவடிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன.

அவர் கவனிக்காததுபோல நெருப்பில் தெளித்துவிட்டு, சுற்றியிருந்தவர்களுக்குத் தன் சித்தாந்தத்தை எடுத்துவிட்டார். பச்சை மீனைவிட உறைந்த மீன்தான் ருசி.

"எவ்வளவு சுவாரசியமான பார்வை!" என்றாள் ஒருத்தி ஆங்கிலத்தில்.

"நான் இப்படி யோசித்ததே இல்லை," என்றான் தாடி வைத்தவன்.

றெமிஜியஸ் காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காரமாக, ஐஸ் வைக்காத மீனைச் சாப்பிடுகிறவனுக்கு நாக்கே இல்லை என்றார். தலையாட்டினார்கள். அவருடைய வலது கை தானாகக் கீழே போய், இல்லாத ஒரு ஹீற்றரைத் தேடியது. யார் பக்கமிருந்து திருப்புவது? முன்னால் முழு விறகும் எரிந்துகொண்டிருக்க, மனிதருக்கு முதன்முறையாகக் குளிர் எடுத்தது.

கிளாஸை அரைவாசியில் வைத்துவிட்டு ஸ்ரீற்கார் பிடித்தார்.

கடைசியில் பஸ்ஸில் வீட்டுக்கு முன்னால் வந்து இறங்கியபோது, பாதையோரப் பனியில் மூன்று உருவங்கள் காலை உதறிக்கொண்டு நின்றன. பேனாட்டின் கையில் ஒரு ரின்மீன் சட்டி.

"எங்கையடா போனனி?" என்று நான்கு வீட்டுக்குக் கேட்கக் கத்தினார் பேனாட். "உறைஞ்சுபோய் நிக்கிறம்!"

"ஆந்தைக் கடைக்கு. உங்களைத் தேடித்தான்."

"அங்கை ஒரு மனுசன் சத்தமாய்க் கதைக்க ஏலாது," என்றார் அன்புராசா. "எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. கராஜைத் திற."

கராஜ் கதவு பூட்டாமல்தான் கிடந்தது, றெமிஜியஸ் தூக்கித் திறந்தார். உள்ளே எமில்டாவின் கார் நின்றது. வேலை முடிந்து, நண்பர்கள் வருவதற்குச் சற்று முன்னர்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். நான்கு மடக்குக் கதிரைகளும் மடங்கிச் சுவரில் சாய்ந்திருந்தன. ஹீற்றர் காரின் முன்கண்ணாடியைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. மாதா சனிக்கிழமையிலும் சுவரில் இருந்தார்.

ஆட்சி மாறிவிட்டது என்பதை விளங்கிக்கொள்ள றெமிஜியஸுக்குச் செய்தி வாசிப்பவர் தேவைப்படவில்லை.

"எமில்டா, உது என்ன?"

உள்கதவடியில் நின்ற எமில்டா கையுறையை ஆறுதலாகக் கழற்றினார். "காருக்குக் குளிராது எண்டு எத்தினை வருசம் சொன்னியள். சொன்ன ஆளே நெருப்புத் தேடி டவுண்ரவுண் போட்டார். அப்ப காருக்கும் குளிரும்தானே?"

விநாயகமூர்த்தி மட்டும் சிரித்தார். ஹீற்றர் திரும்பாத ஆட்களில் அவருக்குத் துணைக்கு இப்போது மூன்று பேர் கிடைத்திருந்தார்கள்.

எமில்டா நால்வரையும் ஒருமுறை பார்த்தார். பேனாட்டின் மூக்கு நுனி சிவந்திருந்தது. கார்த் திறப்பைப் பைக்குள் போட்டார். பிறகு சுவரடிக்குப் போய், மாதாவின் கலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கதிரை விரிக்க இடமில்லை. கார் ஆடாமல் அசையாமல் நடுவில். அன்புராசாதான் தற்செயலாகக் காரின் முன்பக்கப் பொனற்றில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மச்சான், சுடுது!"

எட்டுக் கைகள் பொனற்றின்மேல் விரிந்தன. பேனாட் அதன் நடுவில் ஒரு துவாயை மடித்துப் போட்டு, ரின்மீன் சட்டியை அதற்கு மேல் வைத்தார். றெமிஜியஸ் கிளாஸ்களை நிரப்பி, விரலைத் தோய்த்தார்.

"பெயின்ற்றில படப்படாது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

விரல் அந்தரத்தில் நின்றது. கடைசியில் அவர் திறந்த கதவால் வெளியே பனியில் தெளித்தார். சுவாலை ஒன்றும் எழும்பவில்லை. யாரும் கைதட்டவில்லை.

"நல்ல விஸ்கியைப் பனியில ஊத்துறது என்ன விசர் வேலை அண்ணை?" என்றார் விநாயகமூர்த்தி. "உறைஞ்ச மீன் கதைமாதிரித்தான் உதுவும்."

றெமிஜியஸின் முகம் முழுக்க வெக்கை பரவியது. காரைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். இன்னும் வழி இருக்கிறது.

"மூர்த்தி," என்றார் மிகுந்த அன்போடு, "நீ டிக்கிப் பக்கம் போய் நில்லு."