மழைக்கு ஒரு வீடு, வெயிலுக்கு ஒரு வீடு

போன வாரம் கராச்சர்மாவில் மகள் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்மூடி திறந்திருந்தது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிடலாமே என்று நான் தூக்கிக்கொண்டு போனேன். பழைய பழக்கம்.

"அம்மா, அதுல பானி ஊத்தாதீங்க! கூலன்ட் இருக்கு."

பச்சையாக ஏதோ ஒரு பாட்டிலைக் காட்டினாள். முகர்ந்து பார்த்தேன், இருமல் மருந்து போல இனிப்பு வாடை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியே ஓர் எஞ்சினைக் கொன்ற மனிதரின் மகள் அல்லவா, ஜாக்கிரதை இருக்கத்தான் வேண்டும். அந்தக் கதை உங்களுக்குச் சொன்னேனோ?

அறுபதுகளில் நாங்கள் இதே தீவில், மின்னி பேயில் குடியிருந்தோம். இவர், அதாவது என் வீட்டுக்காரர், சர்க்கார் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு டாக்ஸி ஓட்ட ஆசைப்பட்டார். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து கறுப்பு நிற இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினார். தோல் சீட்டெல்லாம் பூஞ்சை பிடித்து, கதவைத் திறந்தால் ஈரச் செருப்பு வாடை வரும். எனக்கு அந்த வாடையே பெருமையாக இருந்தது. கோயில் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் காரில்தான் போய் இறங்குவேன்.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே கூடிவிடும். உலை வைக்கவே போதாது. கார் ஏற்றத்தில் கொதித்து நிற்கும்போது வீட்டுத் தண்ணீரில் கை வைக்க இவருக்கு என்னிடம் பயம். அதனால் வண்டியைக் கடலோரம் ஓரங்கட்டி, டின்னில் கடல் தண்ணீரை மொண்டு ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார். கோடை முழுவதும். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். படகு எஞ்சின் கடல் தண்ணீரில்தான் சூடு ஆறும் என்று பார்த்து வளர்ந்தவர்.

"போட்டு எஞ்சின் கடத்தண்ணியத்தான குடிக்கி? இது மட்டும் என்ன லாட் சாகிபா?" என்றார்.

படகு எஞ்சின் புதுத் தண்ணீரை இழுத்துப் பழையதை வெளியே துப்பிவிடும். காரோ அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சும். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். ஒரு மதியம் லாட் சாகிப் ஏற்றத்தில் நின்றவர் நின்றவர்தான். கழற்றிப் பார்த்தால் உள்ளே உப்புப் பாளம், இரும்பில் விரிசல். ஊரில் மீனைத்தான் கருவாடு போடுவார்கள். இவர் எஞ்சினையே கருவாடு போட்டுவிட்டார்.

மெட்ராஸிலிருந்து புது எஞ்சின் வரவழைக்க எங்களுக்கு வக்கில்லை. வடக்கே, திக்லிபூரில் மரம் ஏற்றும் லாரிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த காண்ட்ராக்டரிடம் இவர் சரியென்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த கப்பலில் போனால் மழை முடிந்துதான் திரும்ப முடியும். நான் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். கொட்டுகிற மழையில் தனியாகக் கிடந்து பெற்றுக்கொள்ள வேண்டும். பயமாக இருக்கிறது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. பாத்திரங்களை டமார் டமாரென்று வைத்தேன்.

அந்தச் சத்தம் பெரியத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். பெரியத்தான் என்றால் இவருடைய அண்ணன். கல்யாணம் கட்டாத மனிதர். எஞ்சின் வைத்த டுங்கி ஒன்று வைத்திருந்தார். தீவில் மீன்பிடிப் படகுக்கு அதுதான் பெயர். எங்கள் காரைச் செய்த கம்பெனியேதான் அந்த எஞ்சினையும் செய்திருந்தது. கார் எஞ்சினைக் கடலுக்கென்று கொஞ்சம் மாற்றியது. மழைக்காலக் காற்று ஏறிவிட்டதால் டுங்கியைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்.

"ஏல, மழ முடியிற வரைக்கும் என் எஞ்சின் சும்மாதான கெடக்கும்? எடுத்து ஒன் கார்ல வையி. காத்து நின்னதும் எனக்கு வாபஸ் வந்துரணும். பக்கா?"

"பக்கா" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு.

வாசல் மரக்கிளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டார்கள். படகில் ரேடியேட்டர்க் காற்றாடிக்கு வேலையில்லை. செத்த எஞ்சினிலிருந்து அதைக் கழற்றி இதில் மாட்டினார்கள். புது வால்வு வாங்க வழியில்லாததால் இருந்ததையே தேய்த்துப் படியவைக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எமரிப் பொடியை எண்ணெயில் குழைத்து, வால்வில் பொருத்திய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தேன். எதை முகர்ந்தாலும் குமட்டிய எனக்கு மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாடை மட்டும் குமட்டவில்லை. என்ன செய்வது, அதில்தான் என் நம்பிக்கை இருந்தது. எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கிற செம்புத் தகட்டை என் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கினார்கள். அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு வங்காளி தீதி சோறு கொடுத்தனுப்பினாள்.

திக்லிபூர்க் கப்பல் ஜெட்டிக்கு வந்துவிட்டது. இவருடைய தகரப்பெட்டி வாசலில் தயாராக இருந்தது. இவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார், இருமிவிட்டு அடங்கியது. மறுபடியும் சுற்றினார். நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

"ஹட் ஜாவ்ல!" என்று பெரியத்தான் இவரைத் தள்ளிவிட்டு ஒரே சுற்றுச் சுற்றினார்.

பிடித்துக்கொண்டது. சைலன்ஸரும் படகினுடையது என்பதால் டுங்கிச் சத்தமேதான் வந்தது. தீதி எட்டிப் பார்த்து, "ரோட்டுல போட் ஆ கயா?" என்று கத்தினாள். மூட முடியாத முன்மூடியை வலைக்கயிற்றால் கட்டி, இவர் ஜெட்டிக்கு ஓட்டிப்போய்க் காண்ட்ராக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, கப்பலில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார். நான் தகரப்பெட்டியைப் பிரித்து அவர் சட்டைகளைக் கொடியில் போட்டேன். அழுகையை அதற்குமேல் அடக்க முடியவில்லை.

அந்த மழையிலேயே, அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் மகளைப் பெற்றேன்.

காற்று நின்றதும் பெரியத்தான் ஸ்பேனரோடு வந்தார். மறந்திருப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை. பிள்ளையைக் கொஞ்சினார், டீ குடித்தார், காருக்கடியில் நுழைந்துவிட்டார். எஞ்சின் டுங்கிக்குப் போனது. இவரும் அண்ணனோடு கடலுக்குப் போய், மீனோடு வீடு திரும்பினார். பிறகு வருஷா வருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது. மழைக்குக் கார், வெயிலுக்குப் படகு. கார் வாயைப் பிளந்து நிற்கும் மாதங்களில் அதற்குள் கோழி முட்டையிடும்.

இப்போது அந்த மரம் இல்லை. கார் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிற்று. இவரும் போய்விட்டார். மகள் வீட்டில் காருக்கும் ஸ்கூட்டருக்கும் தனித்தனி எஞ்சின். யாரும் யாரிடமும் எதையும் கேட்டு வர வேண்டியதில்லை.

இவர் உயிரோடிருந்தபோதே ஒரு மழைக்காலத்தில் பெரியத்தானுக்கு மஞ்சள்காமாலை வந்தது. தன் எஞ்சின் இழுத்த காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை.

காற்று நின்றது. இவர் வழக்கம்போலக் கிளையில் சங்கிலியைக் கட்டி, எஞ்சினின் நட்டுகளைத் தளர்த்திவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்குமாக இரண்டு டம்ளரில் டீ கொண்டுபோனேன். வருஷம் முழுக்க அந்த எஞ்சின் எங்களிடமே இருந்துவிடாதா என்று ஒரு காலத்தில் ஏங்கியவள் நான்.

"இனி யாருட்ட குடுக்க?" என்றார்.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். பிறகு எழுந்துபோய் நட்டுகளைத் திரும்ப இறுக்கினார்.