குளத்துத் துணி அணிவகுப்பு

நேற்றுக் காலையில் வீட்டுக்காரருடைய வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்த கையோடு அதைத் தொட்டிருக்கிறார் மனுஷன். சொன்னால் கேட்டால்தானே! சூடான பெட்டி அந்த இடத்தில் பட்டதும் குப்பென்று நல்லெண்ணெய் வாசம் கிளம்பியது. அடுப்படியில் வருகிற வாசம் வேறு. இது துணிக்குள் ஊறி, காய்ந்து, சூட்டில் மறுபடி எழுந்து வருகிற வாசம். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வேட்டியில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்ததுதான் மிச்சம்.

"என்னாச்சு?" என்று ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல. பேஷன் ஷோ ஞாபகம் வந்துருச்சு."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். இந்த உடம்புக்கும் பேஷன் ஷோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். ஆமாம் சாமி, இதே உடம்புதான். அப்போது கொஞ்சம் குறைவு.

காரைக்காலில் எங்கள் மாதர் சங்கம் ஒரு தையல் பள்ளி நடத்தியது. நான் அதில் உதவி டீச்சர். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்; உடைந்த ஊசியை மாற்றுவது, பாபினில் சிக்கிய நூலைப் பிரிப்பது, பட்டன் துளைக்குக் காஜா எடுக்கச் சொல்லித் தருவது, இவ்வளவுதான் உத்தியோகம். வருஷத்துக்கு ஒருமுறை சங்கம் கலைவிழா நடத்தும். அதில் வேஷம் கட்டிவிடுகிற வேலையும் என் தலையில்தான் விழும்.

கலைவிழா என்றால் எல்லா வருஷமும் ஒரே காட்சிதான். அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு பாரத மாதா நடுவில் நிற்பாள், மாநிலங்கள் வரிசையாக வந்து வணக்கம் வைக்கும். கேரளம் சுலபம், நாலு முழத்தில் முடிந்துவிடும். ராஜஸ்தானுக்குப் பாவாடை எங்கே போவது? சங்கத் தலைவி அம்மா வீட்டு ஜன்னல் திரைதான். ஒரு வருஷம் காஷ்மீருக்குக் கம்பளிக் குல்லா, கம்பளிச் சால்வை எல்லாம் போட்டு நிஜமாகவே பொருத்தமாக இருக்கட்டும் என்று ஜோடித்துவிட்டேன். அந்தப் பெண் புழுக்கத்தில் மயங்கி விழுந்து, காஷ்மீரை நாலு பேர் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினோம். அதற்கும் கைதட்டினார்கள். காட்சியில் சேர்த்தி என்று நினைத்தார்களோ என்னவோ.

தலைவி அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு பென்ஷன், மகள் பாரிசில். யாராவது தண்ணீர் கொடுத்தால்கூட "மெர்சி" என்று பிரெஞ்சில்தான் நன்றி சொல்வார். கெட்டவர் இல்லை. ஆனால் தான் சொன்னதுதான் சட்டம். சுனாமி வந்த மூன்றாம் வருஷம், மகளைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, "இந்த வருசம் பாரத மாதா வேணாம். பேஷன் ஷோ நடத்துவோம்" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டு ஆம்பளைகள் என்ன சொல்வார்களோ என்று பயம். கடைசியில் 'ஆடை அணிவகுப்பு' என்று பேர் மாற்றினதும் எல்லாருக்கும் சம்மதமாகிவிட்டது. விழாவுக்கு வசூலாகிற நன்கொடையில் நாலு தையல் மிஷின் வாங்கி, விழா அன்றே பட்டினச்சேரி மீனவப் பெண்களுக்குக் கொடுப்பது, அங்கே சொல்லித்தரத் தமிழரசியைப் போடுவது என்று தீர்மானமும் போட்டார்கள்.

தமிழரசி பட்டினச்சேரிப் பெண். அம்மா கூடை சுமந்து மீன் விற்கிறவர். எங்கள் பள்ளியில் அவளைப்போல வெட்டத் தெரிந்தவள் இல்லை. அளவு நாடா இல்லாமல் கண்ணாலேயே பார்த்துக் கழுத்து வெட்டுவாள், சட்டை உடம்பில் போய் அப்படி உட்காரும். எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அவள் ஊரில் ஒரு கல்யாண ரவிக்கை அவள் கைக்கு வராது. சுனாமி வந்த வருஷம் கார்த்திகையில் அவளுக்கு நிச்சயம் பண்ணினார்கள். மார்கழியில் கடல் வந்து மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்குச் 'சனி' என்று பேர். எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். அந்த ஒரு காலையில் கடல் எத்தனை வீட்டை வாரிக்கொண்டு போனது! அத்தனைக்கும் இவளா காரணம்? அந்த நாலு மிஷின் வந்து, ஊர்ப் பெண்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டால் இந்தப் பேர் ஒழியும் என்று அவள் நம்பினாள். அவளைவிட நான் நம்பினேன்.

பழைய துணியை வெட்டிப் புது உடை தைத்துக் காட்டலாம் என்றது அவளுடைய யோசனை. சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்த பழைய துணிகள் மீனவக் கிராமங்களில் ரோட்டோரமாகக் குவிந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரும் தொடவில்லை. "உடுத்தியிருந்ததெல்லாம் போச்சுதான் டீச்சர். அதுக்காக அடுத்தவங்க அவுத்துப் போட்டத மாட்டிக்கிறதா?" என்பாள். "அப்படியே குடுத்தா அது பிச்ச. வெட்டித் தெச்சுக் குடுத்தா அது உடுப்பு."

சங்கத்துப் பெண்களிடம் பழைய புடவை கேட்டேன். மூன்று வந்தது. மூன்றும் கரித்துணிக்குக்கூட ஆகாது. பீரோ பீரோவாக அடுக்கி வைத்திருக்கிறவர்கள்தான், மனசு வரவில்லை. சரி என்று திருநள்ளாறு போய், எடைக்குத் துணி விற்கிற ஒருவரிடம் இரண்டு மூட்டை வாங்கி வந்துவிட்டேன். நல்ல வேட்டிகள், முழுக்கைச் சட்டைகள், புதுக் கருக்கு அழியாத நூல் புடவைகள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் இங்கேயே சிரித்திருப்பார்கள். சனி தோஷம் கழிய திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் நல்லெண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு தோஷமும் போய்விடும் என்பது ஐதீகம். அப்படிக் குவிகிற துணியை அள்ளிக்கொண்டு போய் எடைக்கு விற்பார்கள். மோட்டார் பட்டறையில் கிரீஸ் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் பழைய துணி வாங்கினால் "எங்க உள்ளது?" என்று முதல் கேள்வி கேட்பது வழக்கம். நான் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவள் கேட்கவில்லை! மறந்தேனா, மலிவாகக் கிடைத்ததால் மறக்க விரும்பினேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

தமிழரசி இருபது நாள் உட்கார்ந்து பதினோரு உடை தைத்தாள். சட்டைக் காலர்களை வரிசையாக வைத்து ஒரு நீளப் பாவாடை. வேட்டிக் கரைகளை இணைத்து ஒரு சுடிதார். கருநீலப் புடவை ஒன்றை வெட்டித் தரைவரை புரளும் ஒரு அங்கி. நான் பட்டன் தைத்தேன், அது என் பங்கு.

விழா அன்று மதியம் பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளை நீளமாகச் சேர்த்து ஜமுக்காளம் விரித்து நடைமேடை போட்டாயிற்று. பின்னறையில் எல்லாரும் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் சரோஜாக்கா, தான் போட்டுக்கொள்ளவேண்டிய சுடிதாரைத் தானே இஸ்திரி போட்டார். அப்போது எழுந்தது அந்த வாசம். மூக்கைச் சுளித்தார். துணியை எடுத்து முகர்ந்தார்.

"ஏண்டி, நல்லெண்ண நாத்தம் அடிக்கிது... இது எங்க வாங்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் முகமே சொல்லிவிட்டது.

"அடிப்பாவி! கொளத்துத் துணியா?"

அப்புறம் அந்த அறையைப் பார்க்கணுமே! தேள் கொட்டின மாதிரி எல்லாரும் உடையைக் கழற்றி வீசினார்கள். ஒருத்தி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். இன்னொருத்திக்கு அர்த்தாஷ்டமச் சனியாம், உட்கார்ந்து அழுதாள். மேடையில் நடக்கவிருந்த ஒன்பது பேரும் கால் மணியில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். போட்டோக்காரர் மட்டும் வாசலில் தயங்கி, "எனக்கு ஏழர நடக்குது மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று கேமராவை உறையில் போட்டுக்கொண்டு போனார்.

தலைவி அம்மா வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் மோசம். "எல்லாத்தையும் வாரிக் கொளுத்துங்க. வந்தவங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிடலாம்" என்றார். பிறகு தமிழரசியைப் பார்த்தார். "ஊர்ல சொன்னப்ப நான் நம்பல. இது கைபட்டா எதுதான் வெளங்கும்?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன். "வாங்குனது நான்மா. கேக்காம வாங்குனது நான். அவ தெச்சா, அவ்வளவுதான்" என்றேன்.

"நீ சும்மா இரு. அந்த மிஷின் விஷயத்த அப்புறம் பேசிக்குவோம்."

அந்த வாக்கியத்தில் தமிழரசியின் முகம் போன போக்கை நான் எழுதமாட்டேன். அப்புறம் தரையில் கிடந்த கருநீல அங்கியை எடுத்து உதறினாள்.

"அத்தன பேரு வுட்டுட்டுப் போற தோஷமும் நம்ம ஊர்லதான கெடக்குது? அது புடிக்கிறதுன்னா இந்நேரம் காரக்கால்ல ஒரு ஆளு மிஞ்சியிருக்க மாட்டோம்மா" என்றாள். "என்னையத்தான் சனிங்கிறீங்க. அப்ப எனக்கென்ன பயம்? நான் போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள். எனக்குச் சனீஸ்வரனிடம் பயம் உண்டு, இப்போதும் சனிக்கிழமை விளக்கேற்றுகிறவள் நான். ஆனால் நனைந்த பிறகு முக்காடு எதற்கு? "மைக்செட்டுக்காரரே, பாட்டப் போடுங்க!" என்று கத்திவிட்டுச் சட்டைக் காலர் பாவாடைக்குள் நானும் நுழைந்தேன். தலைவி அம்மா தடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

இரண்டு பேர், பதினோரு உடை. அவள் நடந்து முடித்துத் திரைக்குப் பின்னால் வரும்போது நான் போகணும். நான் வருவதற்குள் அவள் அடுத்ததை மாட்டியிருக்கணும். அவளுக்கு எல்லாம் பொருந்தியது. எனக்கு முதுகில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஊக்கு குத்தியும் ஒரு சாண் திறந்து கிடந்தது. அதனால் சபைக்கு முதுகைக் காட்டாமல் முன்னால் நடந்துபோய், அப்படியே பின்பக்கமாக நடந்து திரும்பினேன். இதுதான் பாரிஸ் பேஷன் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டி ரசித்தார். பெஞ்சு இடுக்கில் கால் சிக்கிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அதையும் சனி என்று சொல்லிக்கொண்டார்களாம், சொல்லட்டும்.

விஷயம் அதற்குள் ஹால் முழுக்கப் பரவி, பாதி நாற்காலி காலியாகிவிட்டது. மிச்சப் பேர் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுவரோரமாக, மிஷின் வாங்கிக்கொண்டு போகலாம் என்று டெம்போவில் வந்திருந்த பட்டினச்சேரிப் பெண்கள். அவர்களும் கைதட்டவில்லை. கடைசியாகத் தமிழரசி மறுபடி அந்தக் கருநீலத்தில் வந்தாள். பாதி வழியில் அவளுக்குத் தோள் தொங்கிவிட்டது, தலை குனிந்துவிட்டது.

பட்டினச்சேரிப் பெண்கள் நடுவிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. மீன் கூவி விற்ற குரல், மைக் எதற்கு அதற்கு?

"நிமிந்து நடடி! நீ தெச்சதுதானே!"

நிமிர்ந்தாள். ஜமுக்காளத்தின் கடைசி வரை போய், இடுப்பில் கை வைத்து நின்று, அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முதலில் ஒரு பட்டினச்சேரிப் பெண் தட்டினாள், அப்புறம் அந்தச் சுவரோரம் முழுக்கத் தட்டியது. நான் திரையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மிஷின் நாலும் பட்டினச்சேரிக்கு வராமல் போலகம் என்ற பக்கத்து ஊருக்குப் போயின. போலகத்துப் பெண்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, நன்றாகத் தைக்கட்டும். என்னைத் தையல் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "மன்னிப்புக் கேட்டா பாக்கலாம்" என்று சரோஜாக்கா சொல்லி அனுப்பினார். எதற்கு? தமிழரசியிடம் வேண்டுமானால் கேட்டேன், நூறு தடவை. அந்த வைகாசியில் பட்டினச்சேரியில் ஒரு தாய், மகளுடைய கல்யாண ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு தமிழரசி வீட்டு வாசலில் போய் நின்றாளாம். அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு ஓடிவந்த தமிழரசி, அந்தத் துணியை என் மடியில் விரித்துக் காட்டினாள். அப்புறம் ஏழெட்டு வருஷம் அந்த ஊர்க் கல்யாணம் எல்லாம் அவள் தையல்தான்.

இப்போது அவள் திருப்பூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. தையல் பள்ளி இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தப் பதினோரு உடையும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எங்கள் யார் போனிலும் கேமரா கிடையாது, ஒரு படம்கூட இல்லை.

போன மாசம் சங்கத்தின் நினைவு மலர் கைக்கு வந்தது. ஒவ்வொரு வருஷத்துக் கலைவிழாவுக்கும் ஒரு பக்கம், படத்தோடு. எங்கள் வருஷத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி: 'கனமழை காரணமாக இவ்வாண்டு விழா நடைபெறவில்லை.'

தமிழரசிக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டினேன். "வுடுங்க டீச்சர், நடக்கலன்னே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

அவள் விடுவாள். நான் விடமாட்டேன். அது பங்குனி மாசம். பங்குனியில் காரைக்காலில் எங்கே ஐயா கனமழை? அன்றைக்கு ஒரு பொட்டு மழை பெய்யவில்லை. விழா நடந்தது. நடந்தவள் பட்டினச்சேரி தமிழரசி.