ரோஸ் கலர் சீரம்

அன்று காலை பச்சிளங்குழந்தை ஐசியூவிலிருந்து ரத்த டியூபைக் கொண்டுவந்தவர் குழந்தையின் அப்பா சலீம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சாயப் பிரிவு சூப்பர்வைசர். பிறக்கும்போது மகளுக்கு மூச்சுத் திணறி, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துவிட்டது. மூளையைக் காப்பாற்ற மூன்று நாள் உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

"பொறந்த கொழந்தய ஜில்லுனு வெச்சிருக்காங்க மேடம். வெளிய சொன்னா எவன் நம்புவான்?" என்றார்.

எங்கள் வேலூர் லேபில் அப்போதுதான் என்எஸ்இ டெஸ்ட் தொடங்கியிருந்தோம். மூளைச் செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. மாவட்டத்திலேயே அதைப் போடத் தெரிந்தவள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. டியூபை வேகமாகச் சுற்றவிட்டு, ரத்தத்துக்கு மேலே தெளிந்து நின்ற சீரத்தை மெஷினில் வைத்து, மிச்சத்தை ஜன்னலோர ஸ்டாண்டில் செருகினேன். ரிசல்ட் வந்தது. எக்கச்சக்கம். மூளைக்குப் பலத்த அடி என்று அர்த்தம்.

டாக்டருக்குச் சொல்லப் போனை எடுத்தபோது சலீம் கவுன்ட்டர் கண்ணாடியைத் தட்டினார்.

"அங்க போய் உக்காருங்க. ரிசல்ட் டாக்டர்தான் சொல்வாரு."

"ரிசல்ட் கேக்கல மேடம். மத்த டியூபெல்லாம் வெளிர் மஞ்சளா இருக்குது. எங்களுது மட்டும் இன்னா ரோஸ் அடிக்குது?"

"அதெல்லாம் அப்டிதான் இருக்கும்."

"இருவது வருஷமா ஷேடு பாக்கறேன் மேடம். இது வேற ஷேடு."

திரும்பிப் பார்த்தேன். என் முகமும் அதே ஷேடுக்குப் போயிருக்கும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. அவற்றுக்குள்ளும் என்எஸ்இ உண்டு. அந்த எண்ணை வைத்து மூளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

"டாக்டர், சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருக்கு. வேற வேணும்" என்றேன் போனில்.

"மறுபடியுமா? அந்தக் கொழந்த ஒடம்புல எவ்ளோ ரத்தம் இருக்கும்னு நெனச்சீங்க? சரி, யாரு கவனிச்சது?"

நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. "கொழந்தையோட அப்பா" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "பேசாம அவர லேப்ல போட்ருவோமா?"

டாக்டரே நிதானமாக மறுபடி ரத்தம் எடுத்தார். சுற்றிய டியூபை இம்முறை நானே சலீமிடம் காட்டினேன். குனிந்து, நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஓகே மேடம். பாஸ்!"

எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் அவரிடம், "இத மட்டும் வெச்சு முடிவு சொல்ல மாட்டோம். ஸ்கேன் பாக்கணும். ஆனா நல்ல சேதிதான்" என்றார்.

ஸ்கேனும் நன்றாகவே வந்தது. அடுத்த வாரம் சலீம் கவுன்ட்டருக்கு ஓடி வந்தார். "பால் குடிக்கறா மேடம்! கம்மியா குடுத்தா ஒரே கத்தல். வார்டே பேஜார்!"

புதிதாக லேபுக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். மெஷினில் வைப்பதற்கு முன் சீரத்தைக் கண்ணால் பாருங்கள். முதல் வருடப் பாடம்தான் இது. எனக்குப் பதினெட்டாம் வருடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடமிருந்து மறுபடி கிடைத்தது.