அவர் சேர்த்த ஒரு சொல்

வெள்ளைக்காரர்கள் போன மறுவருஷம், அரியலூரில் ஒரு பெரியவர் எழுதிய சுயசரிதையை நகலெடுக்கப் போனேன். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் நோட்டீஸ்களை அரசாங்கத்துக்காக எழுதியவர் அவர். ஊரார் துரோகி என்று ஏசியதால், தம் பக்கத்து நியாயத்தைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். பேனா முள்ளைத் தலைமயிரில் துடைப்பது அவர் வழக்கம். காதோரத்து நரையெல்லாம் நீலமாக இருக்கும்.

‘என் எழுத்தால் ஒருவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை’ என்ற வரி வந்ததும் என் கை நின்றுவிட்டது.

“என்ன தம்பி, கோழி கிளறுன மாதிரி இருக்கா நம்ம எழுத்து?”

“எழுத்து புரியுதுங்க ஐயா. உங்க நோட்டீஸக் கேட்டுத்தான் எங்கண்ணன் பட்டாளத்துல சேந்தாரு. பர்மாவுலேருந்து திரும்பி வரலீங்க.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு, “அவனே படிச்சானா?” என்றார்.

“அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க வூட்டுல பள்ளிக்கூடம் போனது நான் ஒருத்தன்தான். நான்தான் படிச்சுக் காட்டுனேன்.”

அவர் தாளை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, மேலே வேறு எழுதிக் கொடுத்தார்: ‘நான் அறிந்து ஒருவருக்கும் தீங்கு செய்ததில்லை.’ முள்ளைத் துடைக்க மறந்ததில் மை வேட்டியில் சொட்டியது.

‘அறிந்து’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுத்துப் பிசகாமல் நகலெடுத்தேன். எங்கள் ஊர் கீழப்பழுவூரில் அம்மா அழும்போதெல்லாம், ‘தெரிஞ்சு செய்யலம்மா’ என்றுதான் நானும் சொல்லிவந்தேன்.