நாலாவது ஆசீர்வாதம்

பட்டாசு லோடு ஏற்றிய லாரியை ஓட்டுகிறவரைவிடப் பெரிய பக்திமான் உலகத்தில் உண்டா? கிடையவே கிடையாது. கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் என் சிநேகிதர் தனபால் அண்ணாச்சி போன மாதம் கூப்பிட்டிருந்தார். சீசனின் முதல் லோடு நாக்பூருக்குக் கிளம்புகிறது, வந்து வாழ்த்திவிட்டுப் போங்கள் என்று. அவர் கம்பெனியில் அது ஒரு திருவிழா மாதிரி. பூசாரி வந்து டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். கற்பூரத் தட்டைச் சுற்றுவார் – கற்பூரம் ஏற்றாமல்! பட்டாசுக் கம்பெனியாயிற்றே... அப்புறம் உபதேசியார் ஜெபம் பண்ணுவார். லேபிள் அச்சடித்துத் தரும் காதர் பாய் துஆ கேட்பார். மூன்று மதமும் முடிந்தால் லட்டு.

லட்டுத் தட்டு வெளியே வந்த நேரம் பார்த்து, பேக்கிங்கில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் முன்னால் வந்தார். அவரும் அவர் கணவரும் போன வருஷம் பௌத்தத்துக்கு மாறியவர்கள்.

"மொதலாளி, எங்க மதத்துக்கும் ஒரு முறை வேணும்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "உங்கள்ல சாமியே கிடையாதுன்னு நீதான சொன்ன? சாமி இல்லாம என்னம்மா மதம்? அது நல்ல கருத்து. நெஞ்சுக்குள்ள வச்சுக்க."

பேச்சியம்மாள் நகரவில்லை. "எல்லாரும் சமமா நிக்கணும்னுதான் நாங்க மாறினோம். இங்கன வந்தும் ஓரமா நில்லுன்னா எப்படி மொதலாளி? அவுக மூணு பேரும் கும்பிடையில நானும் மரியாதையா நின்னேன்ல? எனக்காக நீங்க நிக்க மாட்டீகளா?"

அடேயப்பா, என்ன கேள்வி! உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதுகிறவனாம், தெரிந்திருக்குமாம். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சில பேர் மதம்ங்கிறாங்க... சில பேர் தத்துவம்ங்கிறாங்க... ஒரு வகையில பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சார், வழவழா கொழகொழான்னு பேசாதீக. மதமா, இல்லையா?" என்று குறுக்கே வெட்டினார் பேச்சியம்மாள்.



என்னைக் காப்பாற்றியவர் லாரி டிரைவர் முருகேசன். சீட்டிலிருந்து தொப்பென்று கீழே குதித்தார். "அண்ணாச்சி, பேசுறது நீங்க. முதுகுக்குப் பின்னால வெடியை வச்சுக்கிட்டு நாக்பூர் வரைக்கும் போறது நான்! நாலாவதா ஒரு ஆசீர்வாதம் கிடைக்குதுன்னா அதை எதுக்கு விடணும்? மதமோ தத்துவமோ, எனக்கு அதுவும் வேணும். இல்லன்னா வண்டி நகராது."

"நியாயந்தான அண்ணாச்சி, நிக்கிறதுல நமக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றார் காதர் பாய். அண்ணாச்சி அரை மனசாகத் தலையாட்டினார்.

பேச்சியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். "எங்கள்ல வேண்டுதல் கிடையாது. உறுதிமொழிதான். வண்டி எடுக்கிறவுக எனக்குப் பின்னாலயே சொல்லணும்."

"அம்புட்டுதான? சொல்லு தாயி!"

"எந்த உயிரையும் கொல்ல மாட்டேன்."

முருகேசன் கணீரென்று சொன்னார்.

"எனக்குக் கொடுக்காத பொருளை எடுக்க மாட்டேன்."

குரல் கொஞ்சம் இறங்கியது. "டீசலும் அதுல சேர்த்திதான?" என்று அண்ணாச்சி சந்தேகம் கேட்டார்.

"தப்பான சகவாசம் வச்சுக்க மாட்டேன்." பெண்கள் பக்கத்தில் கொல்லென்று சிரிப்பு. எப்படியோ சொல்லி முடித்தார்.

"பொய் சொல்ல மாட்டேன்." விருதுநகரில் பரோட்டா தின்றுகொண்டே செல்போனில் 'திண்டுக்கல் தாண்டிட்டேன்' என்று சொல்லக்கூடிய மனிதர். அதையும் சொல்லிவிட்டார்.

"மது, போதை எதையும் தொட மாட்டேன்."

முருகேசன் தலையைச் சொறிந்தார்.

"ஏத்தா... இது இந்த லோடுக்கு மட்டுமா, எப்பவுமா?"

"எப்பவுமேதான்."

"மத்த மூணுலயும் சாமி என்னையப் பார்த்துக்குவாரு. இதுல என்னைய நானே பார்த்துக்கணும் போலயே!"

காதர் பாய்க்கு ஒரே சந்தோஷம். "இந்த அஞ்சாவதுல நாங்களும் உங்க கட்சிதான், பேச்சியம்மா!"

அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? லாரிச் சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஏலே முருகேசா, சொல்லுலே! சொன்னாத்தான் சாவி." சற்று முன்னால் 'என்னம்மா மதம்?' என்று கேட்ட அதே அண்ணாச்சி!

முருகேசன் முனகினார். "காதுல விழல" என்றார் பேச்சியம்மாள். மறுபடி சொன்னார், ஊருக்கே கேட்கும்படி. ஒரே கைதட்டல். அண்ணாச்சி கைகூப்பி நின்றதைப் பார்த்துப் பேச்சியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்? பூசாரி, உபதேசியார், பாய், பேச்சியம்மாள் – நாலு பேருக்கும் ஒரே தட்டில் லட்டு வந்தது.

முந்தாநாள் அண்ணாச்சி போன் பண்ணினார். முருகேசன் ஊர் திரும்பியாச்சு. அவர் மனைவி செல்வி சீரணி மிட்டாய் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கே வந்து, பேச்சியம்மாள் கையில் திணித்தாராம். "லோடு இறக்கிட்டுத் தள்ளாடாம வீட்டுக்கு வந்தாரு மதினி! கல்யாணம் ஆகி இப்பத்தான் பார்க்கேன்" என்றவர், அண்ணாச்சி பக்கம் திரும்பி, "இது மதம் இல்லன்னா வேற எதுய்யா மதம்?" என்று கேட்டாராம்.

இனிமேல் எல்லா லோடுக்கும் நாலு பிரார்த்தனை என்று உத்தரவாகிவிட்டது.

இப்போது அந்தக் கம்பெனியில் 'பௌத்தம் மதமே இல்லை' என்று ஒரே குரலில் வாதாடுகிறவர்கள்... மற்ற டிரைவர்கள் மட்டும்தான்!