தலை மேலே, பாதம் கீழே

சந்தியோகு பாதி வாழ்க்கையைத் தலைகீழாகவே கழித்தவர். கொண்டச்சிக் கடலில் சங்கு குளிப்பவருக்கு வேறு வழி ஏது? கால் வானத்தைப் பார்க்க, தலை மணலைப் பார்க்க, பச்சை வெளிச்சத்துக்குள் இறங்கிப்போவார். காற்று இருக்கிற பக்கம் அவருக்கு மேல், மணல் இருக்கிற பக்கம் கீழ். உடம்பு எப்படிக் கிடந்தாலும் அவருடைய கணக்கு அதுதான்.

அறுபத்திரண்டு வயதில் பவளப்பாறை காலைக் கிழித்தது. வெறும் கீறல் என்று ஊதித் தள்ளினார். அந்தப் பிடிவாதக்காரருக்கு யார் எடுத்துச் சொல்வது? பாதம் கறுத்துக் காய்ச்சல் கண்ட பிறகுதான் மனைவி றோசம்மா அவரை மன்னார் ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். சந்தியோகு காலைப் பார்த்தார். பாதம் உயரத்தில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே சரிந்து கிடந்தது தொடைதான். தொடையில் வெட்டினால் முழங்காலும் போய்விடும். பிறகு வள்ளத்தில் குந்துவது எப்படி, கோயிலில் முழந்தாளிடுவது எப்படி? கையெழுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டார். றோசம்மா அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். அவரோ காய்ச்சலில் மிதந்துகொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் கடல் அசைந்தது.

வெள்ளாங்குளத்துத் தாதி மங்கையற்கரசி பக்கத்தில் இருந்து மெல்லக் காரணம் கேட்டாள். அவர் சொன்னதும் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“நீங்கள் எப்படிக் கிடந்தாலும், எங்கட படிப்பில நேரா நிண்டபடிதான் அண்ணை. முகமும் உள்ளங்கையும் முன்னுக்கு, தலை மேல, பாதம் கீழ. காலைத் தூக்கி வைச்சாலும் அது மாறாது.”

“அப்ப முழங்கால் எனக்குத்தான்?”

“ஓம்.”

சந்தியோகு கண்ணை மூடினார். பச்சைத் தண்ணீருக்குள் ஒருவன் கை விரித்து நின்றான். அலை புரட்டியும் அவன் சாயவில்லை. உற்றுப் பார்த்தால் அது அவரேதான். கையெழுத்து வைத்தார்.

மயக்கம் தெளிந்ததும் கை போர்வைக்குள் தேடியது. தொடை இருந்தது. முழங்கால் இருந்தது. மடக்கினார், வலியோடு மடங்கியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டார்.

அன்று பின்னேரம் குதிக்கால் அரித்தது. வெட்டி எடுத்துவிட்ட அதே குதிக்கால். வெட்கப்பட்டுக்கொண்டே றோசம்மாவிடம் சொன்னார். அது இல்லையே என்று அவள் சொல்லவில்லை. எவடத்தில என்று மட்டும் கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் கீழ.”

வெறுமையாய்க் கிடந்த விரிப்பில் கையை வைத்து, அவர் உறங்கும்வரை றோசம்மா சொறிந்துவிட்டாள்.