வேலியோர வரிசையில் மட்டும் மணி

தொண்ணூற்றொன்றில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் கோதுமை மா கிடைப்பதே அருமை. வீட்டில் ஐந்து வயிறு. அதனால் சோளம் போட்டேன். இரண்டு பரப்பு நிலத்தில் முதலில், இன்னொரு பரப்பில் மூன்று கிழமை கழித்து.

நான் பள்ளிக்கூடம் போனது வாக்குப் போட மட்டும்தான். ஆனாலும் மூளை கூட என்று ஒரு நினைப்பு. சோளத்துக்கு மணி பிடிக்கிற பொத்தி வருவது செடியின் இடுப்பில். உச்சியில் பூ எதற்கு, வீணாகச் சத்தைக் குடிக்கிறதே என்று, பூ தலை காட்டக் காட்ட வெட்டி ஆட்டுக்குப் போட்டேன்.

முதல் பொத்தியை உரித்தால் கிழவன் வாயைப் போல வெறும் முரசு. ஒரு பல் இல்லை. அடுத்ததும் அப்படியே. பக்கத்துக் காணி வேலியோரம் நின்ற வரிசையில் மட்டும் பொத்திக்குப் பாதி மணி இருந்தது. அதே மண், அதே தண்ணீர், அதே மடையன். பிறகு எப்படி?

பக்கத்துக் காணிக்காரருக்கும் எனக்கும் எல்லைத் தகராறு. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை அவர் தன் மாட்டிடம் சொல்வார், நான் என் ஆட்டிடம் சொல்வேன். உரித்த பொத்திகளோடு நான் குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, மாட்டின் முதுகைத் தட்டினார்.

"ஆம்பிளைப் பூவை ஆட்டுக்குப் போட்டிட்டு, இப்ப பொத்திக்குள்ளை பிள்ளை தேடுறார் பார்."

நான் ஆட்டைப் பார்த்தேன். "அப்ப வேலிக்கரையிலை மட்டும் என்னெண்டு மணி வந்ததாம்?"

"எங்கடை சோளப் பூவின்ரை தூள் காத்திலை போயிருக்கும். பொத்தி மயிர் ஒண்டுக்கு ஒரு மணி. தூள் படாத மயிருக்கு மணி இல்லை."

நம்பவில்லை. பிந்திப் போட்ட பரப்பில் ஒரு பிஞ்சுப் பொத்தியை மெல்ல உரித்தேன். உண்மைதான். குருத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மயிர்.

அந்தப் பரப்பையும் நான் மொட்டையடித்திருந்தேன். மயிர் விட்டது அன்றைக்குத்தான். இதுவும் பொய்த்தால் பிள்ளைகளுக்கு என் பகிடிப் பேச்சைத்தான் அவித்துக் கொடுக்க வேண்டும். பூ இருந்ததோ, என்னைப் போலவே முந்தியும் பிந்தியும் சோளம் போட்டிருந்த அவருடைய காணியில் மட்டும். ஆட்டிடம் சொல்லி நடக்கிற காரியமில்லை.

"அண்ணை, கொஞ்சப் பூ தருவியளோ?"

மாட்டை விட்டு என் பக்கம் திரும்பினார். "எத்தினை பொத்திக்கு?"

"எண்ணத் தெரிஞ்சா நான் ஏன் உங்களிட்டை வாறன்?"

சிரித்துவிட்டார். "விடியக் காலமை சுளகோடை வாரும். வெயில் ஏறினா தூள் நிக்காது."

நான்கு காலை, அவர் பூக்களைச் சுளகில் உலுக்கினார். அந்த மஞ்சள் தூளை இரண்டு பேருமாகப் பொத்தி பொத்தியாகத் தூவினோம். மூன்று கிழமையில் பொத்திகள் நிறைந்தன. மாரி முடியும்வரை எங்கள் அடுப்பு அணையவில்லை.

சோளப்பொத்தி உரிக்கும்போது இன்றைக்கும் ஒரு மயிரைப் பிடித்து அதன் மணிவரை விரலை ஓட்டிப் பார்ப்பேன். வாய் திறந்து கேட்ட அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மணி விளைந்தது என்று எனக்கு இன்னும் எண்ணி முடியவில்லை.